லோர்னாவை யாரும் இடிக்கவில்லை

எங்கள் ஊரில் ஒருத்தியை ஒதுக்கிவைக்க வேண்டுமென்றால் யாரும் அவளைத் திட்ட மாட்டார்கள். ஒரு பதவியைக் கொடுத்துவிடுவார்கள். லோர்னா வான்டஹேவுக்கு அந்த வருஷம் கிடைத்த பதவி, வரவேற்புக் குழுத் தலைவி.

கொடுத்தவள் டாரா. எங்கள் 'பால்பண்ணைப் பிசாசுகள்' அணியின் தலைவி. உடற்பயிற்சிக்கூடம் நடத்துகிறவள், முப்பது வயதுகூட ஆகவில்லை. யாரைக் கழற்றிவிடப் போகிறாளோ அவள் தோளில் கை போட்டுத்தான் பேசுவாள். சாம்பியன்ஷிப்புக்கான ஆட்டக்காரிகளின் பெயர்களைப் படித்து முடித்துவிட்டு, லோர்னாவின் தோளில் கையைப் போட்டாள். "லோர்னாக்கா, ஜனங்களோட பழகறதுல உங்களை அடிச்சுக்க ஆளே இல்ல" என்றாள். பெயர் விட்டுப்போயிற்று என்பதை எங்கள் விஸ்கான்சினில் இப்படித்தான் சொல்வது. லோர்னாவும் எங்கள் ஊர் முறைப்படி, "அதுவும் நல்லதுதான்" என்றாள். அப்படிச் சொன்னால் நெஞ்சில் கத்தி இறங்கியிருக்கிறது என்று பொருள்.

நான் ட்ருடி. முடிவெட்டுவது பிழைப்பு, ஆட்ட நாளில் மைக் பிடிப்பது வியாதி. புதிதாக வருகிறவர்களுக்காக ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால் நான் சொல்வது இவ்வளவுதான். காலில் சக்கரம் கட்டிய பெண்கள் இரண்டு அணியாக வட்டப்பாதையில் சுற்றுவார்கள். ஹெல்மெட்டில் நட்சத்திரம் போட்டவள், எதிரணிக்காரிகளைச் சுற்றிவந்து தாண்டினால், தாண்டிய தலைக்கு ஒரு புள்ளி. தாண்டவிடாமல் இடுப்பாலும் தோளாலும் இடிப்பது மற்றவர்கள் வேலை. கையை, முழங்கையை, வாயை உபயோகிக்கக் கூடாது. வாய் என்பது நான் சேர்த்தது, ஒருத்தியும் கேட்டதில்லை.

லோர்னா இந்த ஆட்டத்துக்கு வந்ததை நான் அறிவேன், ஏனென்றால் அணிக்கு ஆள் தேடிய விளம்பரம் ஒட்டியிருந்தது என் கடைக் கண்ணாடியில்தான். மகன் படிக்கப் போய் வீடு காலியான வருஷம் அது. அப்போதே அவளுக்கு முப்பத்தேழு. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். ஒரு நாளும் பிள்ளைகளை அதட்டியதில்லை, கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பாள், பின்சீட்டு அடங்கிவிடும். குட்டையான, அகலமான உடம்பு. முதல் நாள் சக்கரத்தில் நிற்கத் தெரியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டே ஒரு சுற்று வந்தாள். மூன்றாம் மாதம் அவளைத் தாண்டிப் போவது எமனுக்கே கஷ்டம் என்று ஆகிவிட்டது. எங்கள் ஆட்டத்தில் எல்லோருக்கும் பயங்கரமான பட்டப்பெயர் உண்டு. அவள் வைத்துக்கொண்டது 'கடைசி ஸ்டாப்'.

அவள் ஏன் வந்தாள் என்பது எங்கள் ஊரைத் தெரிந்தால்தான் புரியும். எங்கள் ஓட்டர் பெண்ட் ஊரில் மரியாதை என்பது ஒரு நோய். விருந்தில் கடைசிக் கேக் துண்டை யாரும் எடுக்க மாட்டார்கள். பாதியாக வெட்டுவார்கள், அந்தப் பாதியைப் பாதியாக வெட்டுவார்கள், கடைசியில் எறும்புக்குக்கூடப் பத்தாத ஒரு துணுக்கைத் தட்டில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். கடையில் உங்கள் காலில் வண்டியை ஏற்றினால், மன்னிப்புக் கேட்பது நீங்களாகத்தான் இருக்கும். இப்படி வளர்ந்த பெண்களுக்கு அந்த வட்டப்பாதை ஒன்றுதான் புகலிடம். அங்கே மட்டும் ஒருத்தியை இடித்துத் தள்ளிவிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டாம். அவளும் எழுந்து வந்து மனசாரத் திருப்பி இடிப்பாள். அடி உதவுவதுபோல அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள்.

அந்த வருஷம் சாம்பியன்ஷிப் முதல்முறையாக எங்கள் ஊருக்கு வந்தது. அதே வருஷம் லோர்னாவின் முழங்காலைப் பார்த்த டாக்டர், இதோடு போதும் என்று சொல்லிவிட்டார். என் கடை நாற்காலியில் தலையில் ஈரத்துண்டோடு உட்கார்ந்திருந்தபோது சொன்னாள். "ஒரே ஒரு ஆட்டம் போதும் ட்ருடி. நம்ம ஊர்ல, நம்ம ஜனங்க முன்னாடி. பஸ்ல வர்ற புள்ளைங்க பார்க்கணும். அப்புறம் சக்கரத்தைக் கழட்டிடறேன்." டாராவின் தலையை என் கத்தரிக்கோலால் என்ன செய்யலாம் என்று யோசித்தேன். ஆனால் நானும் இந்த ஊர்க்காரிதானே, ஒன்றும் செய்யவில்லை.

வெள்ளிக்கிழமை விருந்தாளிகள் வந்து இறங்கினார்கள். கண்காட்சித் திடலின் கால்நடைக் கூடம்தான் ஆட்டக்களம். போன வாரம் அங்கே கிடாரிகளுக்குப் பரிசு கொடுத்திருந்தார்கள், வாசம் இன்னும் போகவில்லை. வாசலில் சுற்றுலா அலுவலக அதிகாரி பில் ஓஸ்டர்வால்ட் கழுத்துப்பட்டையோடு நின்று வரவேற்புரை ஆற்றினார். இந்த மனுஷருக்கு யாரோ 'மகளிர் மாநாடு' என்று சொல்லியிருக்க வேண்டும். எங்கள் ஊர் மென்மையானவர்களின் ஊர், உங்களைப் போன்ற சீமாட்டிகளுக்கு ஏற்ற ஊர் என்றார். கணவன்மார் உட்கார்ந்து காபி குடிக்கத் தனி அறை இருக்கிறது என்றார். ஆளுக்கொரு பை கொடுத்தார். அதில் ஒரு நகப்பூச்சு, ரோஜா வாசனை மெழுகுவத்தி, பின்னல் நூல் கடையில் தள்ளுபடிச் சீட்டு. முகத்தில் தையல் போட்ட இரண்டு பெண்கள் நகப்பூச்சை அங்கேயே திறந்து ஹெல்மெட்டில் மண்டையோடு வரைய ஆரம்பித்தார்கள். பில் அதைப் பார்த்துக் கைதட்டினார், கலை ஆர்வம் என்று நினைத்துவிட்டார்.

உண்மையான வரவேற்பை லோர்னா செய்தாள். எங்கள் ஆட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெளியூர்க்காரிகள் உள்ளூர்க்காரிகளின் வீட்டிலேயே தங்குவார்கள். நாளைக்கு உன் விலா எலும்பைப் பதம் பார்க்கப் போகிறவள் இன்றைக்கு உன் சோபாவில் குறட்டை விடுவாள். எவளுக்குப் பூனை ஆகாது, எவள் மாமிசம் தொட மாட்டாள், எவள் குறட்டையை எவள் தாங்குவாள் என்று எல்லாவற்றையும் விசாரித்து லோர்னா வீடு வீடாகப் பிரித்து அனுப்பினாள். சர்ச் வேனை இரவல் வாங்கி எல்லோரையும் கொண்டுபோய் இறக்கினாள். தன் வீட்டுக்குப் பக்கத்து மாநிலமான மினசோட்டாவின் 'பனிக்கோடாலிகள்' அணியிலிருந்து மூன்று பேரை வைத்துக்கொண்டாள். மினசோட்டாக்காரர்கள் மரியாதையில் எங்களுக்கே பாட்டன். அவர்களில் ஒருத்தி அணித்தலைவி இங்க்ரித் ஹௌகன். பட்டப்பெயர் 'மரம்வெட்டி', ஆறடி உயரம். ஊரில் பல் டாக்டரிடம் உதவியாளர். பிடுங்கின பல்லிடமும் மன்னிப்புக் கேட்கிற ஜாதி.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். லோர்னா மூன்று நாள் சாப்பாட்டையும் இரண்டே நாளில் போட்டுவிட்டாள். நூடுல்சும் டின் மீனும் காளான் சூப்பும் கலந்து, மேலே உருளைக்கிழங்கு சிப்ஸை நொறுக்கிப் போட்டு அடுப்பில் வேகவைக்கும் அவளுடைய பெரிய சட்டி. காரட் துருவல் மிதக்கும் பச்சை ஜெல்லி. காலையில் அடுக்கடுக்காகத் தோசைக் கல் அளவு பான்கேக். தட்டுகள் எல்லாம் காலியாகவே திரும்பின. அது போதாதென்று, அவர்கள் தூங்கியபின் முழங்கால் கவசம், முழங்கை கவசம் எல்லாவற்றையும் எடுத்துத் துவைத்துப் போட்டாள். அந்தக் கவசங்களின் நாற்றம் தெரிந்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய தியாகம் என்று விளங்கும். பெற்ற தாய்கூட அவற்றைக் குச்சியால்தான் தொடுவாள்.

சனிக்கிழமை எங்கள் அணியும் ஜெயித்தது, பனிக்கோடாலிகளும் ஜெயித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம் எங்கள் இரண்டு அணிகளுக்கும்தான். ஆனால் எங்களில் ஒருத்திக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. மாற்று ஆள் லோர்னா மட்டும்தான். டாரா வந்து தோளில் கை போட்டாள். "அக்கா, நாளைக்கு டிரெஸ் மாட்டிக்குங்க. எறக்குவேன்னு நெனைச்சுக்காதீங்க, எண்ணிக்கைக்குத்தான்."

எண்ணிக்கையோ எதுவோ, லோர்னா வீட்டுக்குப் போய்ச் சட்டையை இஸ்திரி போட்டாள். இஸ்திரி போடக் கூடாத நைலான் சட்டை அது. முதுகில் இருந்த எண்ணின் ஒரு பக்கம் உருகிச் சுருங்கிவிட்டது. புருஷன் ராண்டி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தானாம், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மனுஷன் கல்யாணத்தன்று 'சரி' என்று சொன்னதோடு பேச்சை முடித்துக்கொண்டவன்.

ஞாயிறன்று கூடம் நிரம்பி வழிந்தது. லோர்னாவின் பஸ்ஸில் வரும் பிள்ளைகள் ஒரு பக்கம் முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். முதல் பாதியின் நடுவில் எங்கள் ஆட்டக்காரிகள் இரண்டு பேர் தவறு செய்து தண்டனை நாற்காலிக்குப் போனார்கள், ஒருத்திக்கு மூச்சு வாங்கியது. டாரா வேறு வழியில்லாமல் லோர்னாவைக் கை காட்டினாள். நான் மைக்கில் 'கடைசி ஸ்டாப்' என்றதும் பிள்ளைகள் போட்ட சத்தத்தில் கூரையிலிருந்த சிட்டுக்குருவிகள் பறந்து ஓடின.

எதிரணியில் நட்சத்திரம் போட்டு வந்தவள் இங்க்ரித். மலை மாதிரி வேகமாக வந்தாள். லோர்னா தாழ்ந்து உட்கார்ந்து தோளை முன்னால் கொடுத்தாள். இங்க்ரித் அவளுக்கு ஒரு முழம் முன்னால் சட்டென்று ஒடித்து, கோட்டுக்கு வெளியே போய், புள்ளியை விட்டுக்கொடுத்து, "சாரிக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஒன்பது வருஷ அறிவிப்பில் அப்படி ஒரு வார்த்தையை அந்த வட்டத்துக்குள் நான் கேட்டதில்லை. சரி, கால் வழுக்கியிருக்கும் என்று நினைத்தேன். அடுத்த சுற்றிலும் அதேதான். இன்னொருத்தி லோர்னாவை இடிக்கத் தோளைத் தூக்கி, முகத்தைப் பார்த்ததும் இறக்கிக்கொண்டாள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பதை இந்தப் பெண்கள் சக்கரம் கட்டிக்கொண்டு கடைப்பிடித்தார்கள். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்ய அவர்களுக்கு மனசு வரவில்லை.

டாராவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம். அதற்குப் பிறகு லோர்னாவை வெளியே எடுக்கவே இல்லை. எங்கள் நட்சத்திரக்காரி லோர்னாவின் முதுகுக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போனாள், ஆம்புலன்ஸ் பின்னாலேயே போகிற கார் மாதிரி. வழி தானாகத் திறந்தது. புள்ளி ஏறிக்கொண்டே போயிற்று. இடைவேளை விசில் ஊதியபோது நாங்கள் ஏகத்துக்கு முன்னால் இருந்தோம். ஊர் எழுந்து நின்று கைதட்டியது. லோர்னாவின் முகத்தைப் பார்த்தேன், அடி வாங்கினவள் முகம் மாதிரி இருந்தது. அடிதான் விழவே இல்லையே, அதுதான் விஷயம்.

அவள் டாராவிடம் போனாள். "அவங்க என்னை இடிக்க மாட்டேங்கறாங்க டாரா."

"தெரியும்க்கா. பிரமாதம்" என்றாள் டாரா. "நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். நடுவுல நின்னா போதும்."

சோளக்காட்டில் நிற்கும் பொம்மையிடம் சொல்வதுபோலச் சொன்னாள். இத்தனை வருஷம் கற்றுக்கொண்ட ஆட்டத்துக்கு அவ்வளவுதான் மதிப்பு. லோர்னா அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. திரும்பி வட்டத்தைக் கடந்து நேராக எதிரணி பெஞ்சை நோக்கிப் போனாள். நான் மைக்கை அணைத்துவிட்டு அவள் பின்னாலேயே ஓடினேன். எனக்கு அங்கே வேலையில்லைதான். அதனால் என்ன?

"ஏம்மா இங்க்ரித், என்னை ஏன் இடிக்க மாட்டேங்கறே?"

இங்க்ரித் தன் சக்கரங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்க வீட்ல சாப்ட்டோம்க்கா. எங்க கவசத்தையெல்லாம்கூடத் தொவைச்சுப் போட்டீங்க. எப்படிக்கா மனசு வரும்?"

"நாப்பத்தாறு வயசாச்சு எனக்கு" என்றாள் லோர்னா. "பொறந்ததுல இருந்து எல்லாருக்கும் ஒதுங்கி வழி விட்டுக்கிட்டே இருக்கேன். எல்லாரும் என்னைச் சுத்திக்கிட்டுப் போறாங்க. இந்த ஒரு எடத்துலதான் ஒருத்தி எம்மேல நேரா வருவா. இன்னிக்கு எனக்குக் கடைசி ஆட்டம். இதையும் நீ மரியாதைன்னு சொல்லி எடுத்துக்கிட்டா எப்படி?"

லோர்னா இன்னும் ஒன்று சொன்னாள். "இடிக்காம போனீன்னா ராத்திரி என் வீட்டுப் பக்கம் வராதே."

பேச்சு டாராவின் காதுக்கு எட்டிவிட்டது. கோப்பையை நீங்களே தூக்கிக் கொடுக்கிறீர்களே என்று லோர்னாவிடம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். தோளில் கை மட்டும் போடவில்லை. ஆனால் வெளியே உட்கார வைக்கவும் வழியில்லை, இடைவேளைக்குச் சற்று முன் எங்களில் வேறு இரண்டு பேர் தண்டனை நாற்காலிக்குப் போயிருந்தார்கள்.

இரண்டாம் பாதியின் முதல் சுற்று. இங்க்ரித் வந்தாள். இந்தத் தடவை ஒடிக்கவில்லை. லோர்னா தரையைவிட்டு எழும்பி, வட்டத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு மேலே போய், முன்வரிசையில் பொரித்த சீஸ் தின்றுகொண்டிருந்த பில் ஓஸ்டர்வால்டின் மடியில் விழுந்தாள். மென்மையானவர்களின் ஊர் என்று பேசிய வாயில் பாதி சீஸ் துண்டு நின்றுவிட்டது. இங்க்ரித் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். மன்னிப்பு அவள் தொண்டை வரை வந்துவிட்டது. பில்லின் மடியிலிருந்தபடியே லோர்னா ஒரு விரலை உயர்த்தி, கூடாது என்று ஆட்டினாள். எழுந்து நின்றாள். ஹெல்மெட்டில் சீஸ், முகம் முழுக்கச் சிரிப்பு. எனக்கு அழுகை வந்துவிட்டது, மைக்கில் என்ன உளறினேனோ தெரியாது.

அடுத்த சுற்றில் இங்க்ரித் மறுபடி நட்சத்திரத்தோடு வந்தாள். லோர்னா காத்திருந்து, தோளைக் கீழேயிருந்து மேலே கொடுத்தாள். ஆறடி மினசோட்டா என் மேஜை மேல் வந்து சாய்ந்தது, என் காபி என் மடியில். பிறகு இருவரும் நிறுத்தவில்லை. அவள் இவளைத் தள்ளுவாள், இவள் அவளைத் தள்ளுவாள். பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்தினார்கள். ஆனால் லோர்னாவைத் தொடலாம் என்றானதும் எங்களுக்குத் திறந்திருந்த வழியும் மூடிக்கொண்டது. முன்னிலை கரைந்தது. கடைசியில் ஒரே ஒரு சுற்றில் எடுக்கக்கூடிய புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம்.

ஆட்டம் முடிந்ததும் இன்னொரு வழக்கம் உண்டு. உன் அணியின் சிறந்த தடுப்பாட்டக்காரியை நீ தேர்ந்தெடுக்க முடியாது. எதிரணிதான் தேர்ந்தெடுக்கும், இடி வாங்கினவளுக்குத்தானே தெரியும். பரிசு ஒரு மாட்டுமணி. அது வருஷா வருஷம் டாராவுக்குத்தான் போகும். தோற்ற துக்கத்திலும் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு நின்றாள். இங்க்ரித் என் மைக்கை வாங்கி, "லோர்னா வான்டஹே" என்றாள்.

லோர்னா முன்னால் போய்க் கையை நீட்டியிருந்தாள். அப்போது பக்கத்தில் நின்ற டாரா முணுமுணுத்தாள். "ரெண்டு நாள் சோறு போட்டதுக்குக் கூலியா?" முணுமுணுப்பாகத்தான் சொன்னாள். மைக் திறந்திருந்தது, கூடம் முழுக்கக் கேட்டது.

லோர்னா கையை இழுத்துக்கொண்டாள். எங்கள் ஊரில் இந்த இடத்தில் எல்லோரும் சிரித்து மழுப்பி, வானிலை பற்றிப் பேச ஆரம்பித்திருக்க வேண்டும். அவள் மழுப்பவில்லை.

"இங்க்ரித், நெசத்தைச் சொல்லு. சாப்பாட்டுக்காகத் தர்றியா?"

இங்க்ரித்தின் காது வரை சிவந்தது. தன் அணியைத் திரும்பிப் பார்த்தாள். லோர்னா வீட்டில் தங்கிய மற்ற இரண்டு பேரும் கூரையைப் பார்த்தார்கள். மினசோட்டாவில் பிறந்த ஒருத்தி தன் வாழ்நாளில் சொல்லக் கூடாததைச் சொல்ல, இங்க்ரித் நீளமாக ஒரு மூச்சை இழுத்தாள்.

"லோர்னாக்கா, உங்க சாப்பாட்டுக்கு யாரும் எதையும் தர மாட்டாங்க. அந்தப் பச்சை ஜெல்லியை எங்களால முழுங்கவே முடியல. மூணு பேரும் நாப்கின்ல சுத்தி எடுத்துட்டு வந்து வேன்ல வெச்சிருக்கோம்." சட்டையின் ஓரத்தைத் தூக்கி விலாவைக் காட்டினாள். உள்ளங்கை அகலத்துக்குச் செக்கச்செவேலென்று கன்றிப்போயிருந்தது. "இது உங்க தோளு. மணி இதுக்குத்தான்."

அந்த ஜெல்லியை ஊரில் ஒவ்வொரு சாவிலும் ஞானஸ்நானத்திலும் பள்ளி விருந்திலும் இருபது வருஷமாகச் சாப்பிட்டுவருகிறோம். ஒருவர் சொன்னதில்லை. நான் சொன்னதில்லை. பல தடவை செய்முறை வேறு கேட்டு வாங்கியிருக்கிறேன்.

லோர்னாவின் தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பக்கத்தில் நின்ற எனக்கே தெரியவில்லை. மைக்கை இங்க்ரித்திடமிருந்து பிடுங்கினாள்.

"கேட்டுச்சா எல்லாருக்கும்? கடைசி வரிசைக்கும் கேட்டுச்சா? என் சாப்பாடு நல்லா இல்லையாம்."

கடைசி வரிசையில், தொப்பியைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி, ராண்டி எழுந்து நின்றான்.

"ஆமா லோர்னா" என்றான். "நல்லா இல்ல."

ஊர் மொத்தமும் இருபது வருஷ மூச்சை ஒரே தடவையில் விட்டதுபோல் எழுந்து நின்று கைதட்டியது. டாராவின் கையும்கூடத் தட்டியதைப் பார்த்தேன், அவளும் அந்த ஜெல்லியைத் தின்றவள்தானே. லோர்னா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப இன்னிக்கு ராத்திரி எல்லாருக்கும் நீதான் சமைக்கிறே" என்று மைக்கிலேயே புருஷனிடம் சொன்னாள். பிறகுதான் கையை நீட்டி மணியை வாங்கிக்கொண்டாள்.